எலிக்குஞ்சின் குரலும் உடல்சூடும்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தங்கசாலைப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் கட்டுகளை லாரிக்கு ஏற்றும் நாளில், அடிக்கட்டுக்குக் கீழே எலிக்கூடு அகப்படுவது யாருக்கும் புதிய செய்தி இல்லை. நார்நாராகக் கிழித்த நாளிதழ் மெத்தையில், கண் திறக்காத, மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். காசிமேட்டின் வலைக் கொட்டகைகளில் நாளிதழுக்குப் பதிலாக நைந்த வலைநூல். மற்றபடி காட்சி அதேதான். கூட்டைக் கலைத்தவர்கள் தாய் எலி தப்பி ஓடியதைச் சொல்வார்கள். குஞ்சுகளைப் பற்றிக் கேட்டால், அவை சத்தமே போடவில்லை என்பார்கள்.

பெரும்பாலும் அவை சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். மனிதக் காதுக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். வயதானவர்களுக்கு அதுவும் கிடையாது. கூட்டிலிருந்து பிரிந்த எலிக்குஞ்சின் குரல் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி எழுகிறது. சுண்டெலிக் குஞ்சின் குரல் இன்னும் மேலே, 50 முதல் 80 வரை. கடை வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு அது கேட்கும். மூட்டை தூக்குபவருக்குக் கேட்காது. மனிதக் காதின் எல்லையைத் தாண்டிய இந்த மீயொலிக் குரலை ஜெர்மன் மொழியில் எழுதிய ஆய்வாளர்களான சிப்பேலியஸ், ஷ்லைட் இருவரும் 1956-இல் சுண்டெலிக் குஞ்சுகளிடம் பதிவுசெய்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு, இந்தக் குரல் எதற்காக எழுகிறது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் சூடாகவே இருந்துவருகிறது. கேள்வியின் மையத்தில் இருப்பதும் சூடுதான்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே பிரித்துவைப்பது நல்லது. இரவில் சமையலறை ஓரமாகக் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் மூஞ்சூறு எலியே அல்ல. பிள்ளையார் படங்களில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அது பூச்சி தின்னும் வேறொரு குடும்பம்; எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில் ஆகியவை கொறிக்கும் விலங்குகள். இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி. அதிலும் பெரும்பாலான சோதனைகள் ஆய்வுக்கூட வெள்ளை எலியிடம் நடந்தவை. வெள்ளை எலி, உலகத் துறைமுகங்களில் கப்பலேறிப் பரவிய நார்வே எலியின் வளர்ப்பு வடிவம்.

வடசென்னையில் குளிரா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியலில் சென்னையில் வெப்பநிலை 20, 21 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. நமக்கு ஒரு போர்வை போதும். பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சுக்கோ, கூடுதலாக எந்த ஆற்றலையும் செலவழிக்காமல் உடல்சூட்டைக் காத்துக்கொள்ளத் தேவைப்படும் சுற்றுப்புற வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. அதாவது சித்திரை மாதத்து நண்பகல்தான் அதற்குச் சுகமான வானிலை. நாம் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டும் 30 டிகிரியே தனியாக விடப்பட்ட குஞ்சுக்குக் குளிர். மார்கழி விடியல் கடுங்குளிர்.

காரணம் அதன் அளவு. பிறக்கும்போது எலிக்குஞ்சின் எடை ஐந்தாறு கிராம். உடல் சிறியதாகச் சிறியதாக, சூட்டைத் தேக்கிவைக்கும் பருமன் வேகமாகக் குறைகிறது. சூட்டை வெளியே விடும் தோல்பரப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. போதாக்குறைக்கு மயிரும் இல்லை, தோலுக்கடியில் காப்புக் கொழுப்பும் இல்லை. குளிரில் தசைகள் வெடவெடவென்று நடுங்கிச் சூடு உண்டாக்கும் வழக்கமும் அந்த வயதில் வந்திருக்காது. இப்படிப்பட்ட குஞ்சைத் தனியாகக் கீழே வைத்தால் சில நிமிடங்களிலேயே அதன் உடல்சூடு சரியத் தொடங்கும். இதைப் பார்த்த பழைய உடலியலாளர்கள் பலரும், எலிக்குஞ்சைத் தன் சூட்டைத் தானே கவனிக்கத் தெரியாத உயிர் என்றும், பல்லியைப்போல் சுற்றுப்புறத்தின் போக்கில் சூடாகிக் குளிரும் உயிர் என்றும் எழுதிவைத்தார்கள்.

அந்தத் தீர்ப்பு அவசரமானது. குஞ்சுக்கு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு என்ற தனித் திசு இருக்கிறது. இடுப்பிலும் தொப்பையிலும் நாம் சேர்த்துவைக்கும் வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்பு. பழுப்புக் கொழுப்போ எரிந்து வெப்பம் தருவதற்கென்றே அமைந்தது. அதன் உயிரணுக்களில், ஆற்றலைக் கையாளும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கமாக இருக்கின்றன. பழுப்பு நிறத்துக்கு அவையும் ஒரு காரணம். மற்ற திசுக்களில் மைட்டோகாண்ட்ரியா உணவின் ஆற்றலை வேதிப்பொருளாக மாற்றிவைக்கும். இங்கே யூசிபி1 என்ற புரதம் அந்த மாற்றத்துக்குக் குறுக்கே நின்று, ஆற்றல் முழுவதும் நேராக வெப்பமாகவே வெளிப்படும்படி செய்கிறது. தோலில் குளிர் பட்டவுடன் மூளையிலிருந்து பரிவு நரம்புகள் வழியாக ஆணை இறங்க, தோள்களுக்கு நடுவே சூடு பிறக்கிறது. அங்கிருந்து புறப்படும் ரத்தம் அருகிலிருக்கும் இதயத்தை முதலில் போய்ச் சேர்கிறது. 1551-ஆம் ஆண்டிலேயே கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் இயற்கையியலாளர் மர்மோட் என்ற மலை அணிலின் உடலில் இந்தத் திசுவைக் கண்டு எழுதிவிட்டார். அது வெப்பம் உண்டாக்கும் உறுப்பு என்பது தெளிவாக இன்னும் நானூறு ஆண்டுகள் பிடித்தன.

குஞ்சுக்கு உள்ள இன்னொரு வழி, கூடப்பிறந்தவற்றோடு ஒட்டிக்கொள்வது. இதைக் கூர்ந்து ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜெஃப்ரி ஆல்பர்ட்ஸ். அவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குஞ்சுகளின் குவியல் அசையாமல் கிடக்கும் மூட்டை அல்ல. குளிர் கூடும்போது குவியல் இறுகிச் சுருங்குகிறது. வெப்பம் கூடும்போது தளர்ந்து பரவுகிறது. குளிரில் மேலே இருப்பவை உள்ளே நுழைய, உள்ளே இருந்தவை வெளியே தள்ளப்படுகின்றன. திட்டமிட யாரும் இல்லாமல், ஒவ்வொன்றும் தன் தோலின் சூட்டைத் தேடி நகர்வதாலேயே மொத்தக் கூட்டமும் ஒரே உடல்போலத் தன் பரப்பை மாற்றிக்கொள்கிறது. இதனால் ஒவ்வொரு குஞ்சும் செலவழிக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது.

தாய் எப்போதும் கூட்டில் இருப்பதில்லை. பாலூட்டும் தாயின் உடலில் வெப்ப உற்பத்தி ஏற்கெனவே அதிகம். அதன்மேல் ஏழெட்டுக் குஞ்சுகள் அப்பிக்கொண்டால் அதன் உடல்சூடு மெல்ல ஏறுகிறது. தாங்க முடியாத அளவுக்கு ஏறியதும் எழுந்து போய்விடுகிறது. லியோனும் அவருடைய குழுவினரும் 1978-இல் இதை அளந்து காட்டினார்கள். கூடு வெப்பமாக இருந்தால் தாய் தங்கும் நேரம் குறையும். குளிர்ச்சியாக இருந்தால் கூடும். தாய்ப்பாசத்தின் கால அட்டவணையை வெப்பமானி எழுதுகிறது என்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். அளவீடுகள் அப்படித்தான் சொல்கின்றன. தாய் வெளியே போயிருக்கும் இடைவெளியில், ஏதோ காரணத்தால் குவியலிலிருந்து உருண்டு விலகிய குஞ்சு ஒன்று தனியாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரல் அங்கேதான் தொடங்குகிறது.

தனிமைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை 1970-களின் தொடக்கத்திலேயே கவனித்துவிட்டார்கள். எலிக்குஞ்சுகளிடம் ஆலின், பேங்க்ஸ் இருவரும், சுண்டெலிகளிடம் ஓகோன் என்ற ஆய்வாளரும் சுற்றுப்புற வெப்பநிலையை மாற்றிமாற்றிப் பதிவுசெய்தார்கள். கூட்டின் வெப்பத்தில் தனியாக வைத்தால் குரல் மிகக் குறைவு. வெப்பநிலையை இறக்கினால் குரல் பெருகுகிறது. தனிமை இரண்டிலும் ஒன்றுதான், குளிர்தான் வேறு. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் எழுந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இதைப் "பிரிவுத் துயரக் குரல்" என்றே வகைப்படுத்தியது. குஞ்சைத் தாயிடமிருந்து எடுத்து, அறை வெப்பத்தில் இருக்கும் வெறும் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பார்கள், குரலை எண்ணுவார்கள், எண்ணிக்கையைத் துயரத்தின் அளவாக எழுதுவார்கள். அமெரிக்க ஆய்வுக்கூடத்து அறை வெப்பம் என்பது 22 டிகிரியை ஒட்டியது. சென்னையின் தை மாத விடியலோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

1990-இல் மார்க் புளூம்பர்க்கும் ஆல்பர்ட்ஸும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேள்விக்குறியோடு முடிந்த அதன் தலைப்பிலேயே சண்டை இருந்தது: குளிரில் எலிக்குஞ்சு எழுப்பும் மீயொலி, குரல்வளை மூச்சைத் தடுத்து நிறுத்துவதன் பக்கவிளைவாக இருக்கலாமா? அவர்கள் முன்வைத்த விளக்கம் இது. குளிரில் பழுப்புக் கொழுப்பு வேகமாக எரியத் தொடங்கினால் ஆக்ஸிஜன் தேவை ஏறும். மூச்சை வெளிவிடும்போது குரல்வளையைக் குறுக்கிப் பிடித்தால் நுரையீரலில் அழுத்தம் நீடிக்கும். காற்றறைகள் சுருங்கிவிடாமல் திறந்திருக்கும். ஆக்ஸிஜன் நன்றாக ரத்தத்தில் சேரும். குறுகிய வழியாகக் காற்று பீறிடும்போது ஒரு சீழ்க்கை எழுகிறது. நமக்குக் கேட்காத அந்தச் சீழ்க்கைதான் மீயொலி. அது ஒலிக்க வேண்டும் என்று குஞ்சு முயலவில்லை, மூச்சுவிட முயல்கிறது.

சீழ்க்கை என்பது இங்கே உவமை அல்ல, இயந்திரவியல். நாம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. கொறிக்கும் விலங்குகளின் மீயொலியில் அப்படி இல்லை. ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்தால் அந்த ஒலியின் சுருதி மேலேறுகிறது. நாண்களின் அதிர்வாக இருந்தால் அப்படி ஏறாது. 1970-களில் செய்த இந்தச் சோதனைதான் சீழ்க்கை என்ற முடிவுக்கு அடித்தளம். சுண்டெலியின் குரல்வளைக்குள் காற்றுத்தாரை சுவரில் மோதி ஒலி பிறக்கும் விதத்தை 2016-இல் இன்னும் துல்லியமாக விளக்கினார்கள். குரல்வளைக்குப் போகும் நரம்பைத் துண்டித்தால் மீயொலி நின்றுவிடும் என்பதும் முன்பே தெரிந்த செய்தி.

புளூம்பர்க் பிறகு கிரெட்டா சோகலோஃப் முதலியோருடன் சேர்ந்து தன் விளக்கத்தைத் தானே திருத்தினார். எனக்கு இந்த வாதத்தில் மிகவும் பிடித்த பகுதி இந்தத் திருத்தம்தான். குளிரைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தபோது இரண்டு கட்டங்கள் தெரிந்தன. மிதமான குளிரில் பழுப்புக் கொழுப்பு எரிகிறது, இதயத் துடிப்பு சீராக இருக்கிறது, குஞ்சு பெரும்பாலும் மௌனமாகவே கிடக்கிறது. ஆக்ஸிஜன் தேவை ஏறுவது மட்டுமே காரணம் என்றால் இந்தக் கட்டத்திலேயே குரல் பெருகியிருக்க வேண்டும். அப்படி இல்லை. குளிர் மேலும் கடுமையாகி, கொழுப்பு முழுவீச்சில் எரிந்தும் இழப்பை ஈடுகட்ட முடியாமல் போகும்போது உடல்சூடு விழுகிறது, இதயத் துடிப்பு தளர்கிறது. குரல் வலுவாக எழுவது அப்போதுதான்.

இதயத்தைப் பழுப்புக் கொழுப்பு நேரடியாகத் தாங்குகிறது என்பதையும் அதே குழு காட்டியது. மருந்து கொடுத்து அந்தக் கொழுப்பு எரியாமல் தடுத்தால், குளிரில் துடிப்பு சீக்கிரமே விழுகிறது. தோள்களுக்கு நடுவே வெளியிலிருந்து சூடு காட்டினால் துடிப்பு மீள்கிறது. ஆக, குரலுக்கு முன்னால் இதயத்தில் ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது? மார்கழியில் சென்னை வீடுகளில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. 24 டிகிரிக்குக் கீழே அது இறுகிவிடும். ரத்தம் அப்படி உறைந்துபோவதில்லை. ஆனாலும் குளிரக் குளிர அதன் ஓட்டம் கெட்டிப்படுகிறது. உடலின் கோடிகளுக்குப் போன ரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்பிவருவது மந்தமாகிறது. திரும்பி வந்ததைத்தான் இதயம் மறுபடியும் வெளியே தள்ள முடியும். வரத்து குறைந்தால் துடித்தும் பயன் குறைவு. இந்த நெருக்கடியில் உதவும் பழைய உத்தி ஒன்று பாலூட்டிகளிடம் உண்டு. குரல்வளையை இறுக்கிக்கொண்டு, மூச்சு வெளிவிடும் நேரத்தில் வயிற்றுத் தசைகளை அழுத்தமாகச் சுருக்குவது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏற, அங்கே தேங்கிய சிரை ரத்தம் மேலேறி இதயத்துக்குத் தள்ளப்படும். நாய்களிடம் இதை 1960-களிலேயே உடலியலாளர்கள் விவரித்திருந்தார்கள். எலிக்குஞ்சு செய்வதும் இதுதான், வெளியே கேட்கும் மீயொலி அந்த அழுத்தலின் ஓசை மட்டுமே என்றார்கள் புளூம்பர்க்கும் அவருடைய குழுவினரும்.

இதற்கு வலுச் சேர்த்த சான்றுகளில் ஒன்று விசித்திரமானது. குளோனிடின் என்ற மருந்து மனிதர்களுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தரப்படுவது, மயக்கமும் வரும். அதை எலிக்குஞ்சுக்குக் கொடுத்தால் அமைதியாவதற்குப் பதிலாக மீயொலியைப் பொழிகிறது. துயரக் குரல் என்று கொண்டால் இது புதிர். இதயத் துடிப்பைப் பார்த்தால் புதிரே இல்லை: குளோனிடின் அதைச் சடாரென இறக்கிவிடுகிறது. இரண்டாவது சான்றைத் தந்தவர்கள், குரலைப் பிரிவோடு சேர்த்துப் பார்த்த எதிரணியில் இருந்த ஆய்வாளர்கள் மைரன் ஹோஃபரும் ஹாரி ஷேரும். 1992-இல் அவர்கள், அசைவற்றுப் போகும் அளவுக்கு ஆழமாகக் குளிர்ந்த குஞ்சுகளைத் திரும்பச் சூடேற்றும்போது பதிவுசெய்தார்கள். தொட்டால் துலங்கும் நிலைக்குக்கூட வராத குஞ்சுகள் மீயொலியை எழுப்பத் தொடங்கியிருந்தன. உணர்வு திரும்பாத உடல் எதற்காகத் துயரப்படும் என்று கேட்பது எளிது. புளூம்பர்க் அணி கேட்கத்தான் செய்தது.

வெள்ளெலிகள் என்று நாம் கடைகளில் பார்க்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்களை ஒப்பிட்டால் இன்னொன்று தெரியும். ஹாம்ஸ்டர் குஞ்சுக்குப் பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம்வரை பழுப்புக் கொழுப்பு வேலை செய்வதில்லை. அதே வயது எலிக்குஞ்சு குளிரில் தன் இதயத் துடிப்பைத் தாங்கிப் பிடிக்க, ஹாம்ஸ்டர் குஞ்சின் துடிப்பு வெப்பநிலையோடு சேர்ந்தே இறங்கிப்போகிறது. இரண்டுமே மயிரற்ற, கண் திறக்காத கொறிக்கும் விலங்குக் குஞ்சுகள்தான். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றின் உள்ளே வெப்ப ஏற்பாடு இவ்வளவு வேறுபடும்போது, எல்லாக் குஞ்சுகளின் குரலுக்கும் ஒரே அர்த்தம் கொடுத்துவிட்டுப் போவது சரியல்ல.

2001-இல் புளூம்பர்க்கும் சோகலோஃபும் இன்னும் ஒரு படி மேலே போய், எலிக்குஞ்சுகள் அழுகின்றனவா என்றே தலைப்பிட்டு எழுதினார்கள். அழுகின்றன என்பதற்கு ஆதாரம் போதாது என்பது அவர்கள் வாதம். எலிகளைக் கிச்சுக்கிச்சு மூட்டி அவற்றின் மகிழ்ச்சிக் குரலைப் பதிவுசெய்ததற்காகப் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற யாக் பாங்க்செப், 2003-இல் கடுமையாக மறுத்தார். விலங்குகளின் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு வயிற்றுத் தசையை மட்டும் பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு குரலுக்கு இதயத்தோடு தொடர்பு இருப்பதால் அதற்கு உணர்ச்சியோடு தொடர்பு இல்லை என்று ஆகிவிடுமா என்பது அந்த அணியின் அடிப்படைக் கேள்வி. நம் அழுகைக்கும் உதரவிதானம் உண்டு, குரல்வளை உண்டு, வயிற்றுத் தசை உண்டு.

என் கணக்கில் மறுப்பாளர்களின் வலிமையான ஆயுதம் பாங்க்செப்பின் வாதம் அல்ல, ஹோஃபரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எளிய சோதனை. குஞ்சைத் தனியாக வைத்துக் குரலை எண்ணுகிறார்கள். பிறகு சில நிமிடங்கள் தாயோடு விடுகிறார்கள். மறுபடி தனியாக எடுத்தால், முதல்முறையைவிட மிக அதிகமாகக் குரல் எழுப்புகிறது. தாய் மயக்க மருந்தில் கிடந்தாலும் இதே விளைவு. கூடப்பிறந்த குஞ்சுகளோடு விட்டு எடுத்தால் இந்த ஏற்றம் இல்லை. தாயோடு ஒட்டியிருந்த குஞ்சு இரண்டாம் முறை கிண்ணத்துக்கு வரும்போது முன்னைவிடக் குளிர்ந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பம் மட்டுமே குரலை ஆட்டுவிக்கிறது என்றால் இது நடக்கக்கூடாது. அதோடு, தனிமையில் கத்தும் குஞ்சை அமைதிப்படுத்துவது சூடு மட்டும் அல்ல. மென்மயிர் போன்ற பரப்பு, கூட்டின் வாசனை ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் குரலைக் குறைக்கிறது, சேர்ந்தால் இன்னும் குறைக்கிறது என்று ஹோஃபரும் ஷேரும் 1980-இலேயே காட்டியிருந்தார்கள்.

எனவே பக்கவிளைவுக் கொள்கையை முழுமையாக ஏற்க நான் தயாரில்லை. ஆனால் அது கிளப்பிய கேள்வியை ஒதுக்கவும் முடியாது. கடுங்குளிரில் எழும் குரலின் பெரும்பகுதியை உடலின் சூடும் ரத்த ஓட்டமும் தீர்மானிக்கின்றன என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. சூடு போதுமான அளவு இருக்கும்போதும் மிஞ்சும் குரலைத்தான் உறவின் கணக்கில் வைக்க முடியும். வெப்பநிலையை அளக்காமல் எழுதப்பட்ட துயரக் கணக்குகள் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கின.

தாய்ப்பக்கத்துக் கதையை இதோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. குஞ்சு எதற்காக ஒலிக்கிறது என்பது ஒரு கேள்வி. கேட்டவர் என்ன செய்கிறார் என்பது வேறு கேள்வி. ஒலிபெருக்கியில் குஞ்சின் குரலை ஒலிக்கவிட்டால் பாலூட்டும் தாய் கூட்டைவிட்டு வெளியே வந்து தேடுகிறது. குஞ்சைக் கண்டால் வாயால் கவ்விக் கூட்டுக்குத் தூக்கி வருகிறது. சுண்டெலித் தாய்களிடம் குந்தர் ஏரெட்டும் பெர்ண்ட் ஹாக்கும் 1981-இல் செய்த சோதனைகளில், தாய் குறிப்பிட்ட அலைவரிசை எல்லைக்கு உட்பட்ட ஒலிகளைத்தான் குஞ்சின் ஒலியாக எடுத்துக்கொள்கிறது, அதற்கு வெளியே உள்ளவற்றைப் பொருட்படுத்துவதில்லை என்று தெரிந்தது. குட்டி போடாத பெண் சுண்டெலி பெரும்பாலும் இந்தக் குரலுக்கு அசைவதில்லை. பியான்கா மார்லினும் ராபர்ட் ஃப்ரோம்கேயும் தம் குழுவினரோடு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் ஒலியைக் கையாளும் பகுதியான செவிப்புறணியின் இடப்பக்கத்தில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சேர்ந்தால் அந்தப் பெண் சுண்டெலியும் குஞ்சுகளை எடுத்துவரக் கற்றுக்கொள்வதைக் காட்டினார்கள். மூச்சின் பக்கவிளைவாகத் தொடங்கிய ஓசையாகவே இருந்தாலும், அதைக் கேட்டு ஓடிவந்த தாயின் குஞ்சுகள் அதிகம் பிழைத்திருக்கும். பரிணாமம் ஓசையின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

இந்தச் சச்சரவு ஆய்வாளர்களின் வீம்பாக மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1980-களின் நடுவிலிருந்து எலிக்குஞ்சின் தனிமைக் குரல், பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்கும் கருவியாகவும் ஆனது. மருந்தைக் கொடு, குரலை எண்ணு, குறைந்தால் பதற்றம் குறைந்தது என்று எழுது. டயஸிபாம் வகை மருந்துகள் குரலைக் குறைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உடல்சூட்டையோ இதயத்தையோ மூச்சையோ தொடாத மருந்து எத்தனை? குளோனிடின் சோதனை காட்டியதுபோல், குரல் ஏறுவது மனநிலையைப் பற்றி எதுவுமே சொல்லாமல் ரத்த ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லக்கூடும். இன்று ஆட்டிசம் ஆய்வுகளில் மரபணு மாற்றிய சுண்டெலிக் குஞ்சுகளின் மீயொலி பெரிய அளவில் எண்ணப்படுகிறது. மாற்றிய மரபணுவால் குஞ்சு இளைத்துப் பிறந்தால், அது சீக்கிரம் குளிரும். குளிர்ந்தால் குரலின் எண்ணிக்கை மாறும். உடல் எடையும் தோலின் வெப்பநிலையும் பக்கத்திலேயே பதிவாகாத வரைபடங்களைப் பார்த்து, தொடர்புத்திறன் குறைந்தது என்றோ கூடியது என்றோ முடிவுகட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வயதும் இதற்குச் சாட்சி. எலிக்குஞ்சின் தனிமைக் குரல் முதல் வாரத்தில் ஏறி, பிறகு தளர்ந்து, மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய நின்றுபோகிறது. முதல் வாரம் முடியும்போது மயிர் முளைக்கிறது; இரண்டாம் வாரக் கடைசியில் காதும் கண்ணும் திறக்கின்றன. மூன்றாம் வாரத்தில் தானே ஓடித் தானே சூடுகாக்கும் விலங்கு ஆகிவிடுகிறது. தாய் தேவைப்படும் காலமும் வெளிச்சூடு தேவைப்படும் காலமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இவ்வளவு கடினமாக இருந்தது.

இனி எலியை விட்டு மனிதக் குழந்தைக்கு வரலாம். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் வடசென்னையில் ஆட்டோக்காரர் முகவரி கேட்கமாட்டார். அப்படிப்பட்ட எந்தப் பிரசவ மருத்துவமனையிலும், பிறந்த குழந்தையைத் துடைத்தவுடன் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி போடுவதற்குப் பின்னால் மேலே சொன்ன உடலியல்தான் இருக்கிறது. மனிதக் குழந்தைக்கும் தோள்களுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு உண்டு. அதுவும் நடுங்கிச் சூடேற்றத் தெரியாமலே பிறக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 36.5 டிகிரிக்குக் கீழே போனாலே பிறந்த குழந்தை குளிர்ந்துவிட்டதாகக் கணக்கு. 32-க்குக் கீழே மிகக் கடுமை. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கும் கங்காரு முறையை 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேயும் எக்டர் மார்ட்டினெஸும் தொடங்கியது இன்குபேட்டர் போதாமல்தான். சென்னை வெயிலில் குழந்தைக்குக் குல்லாய் எதற்கு என்று பிரசவ வார்டில் சலித்துக்கொள்ளும் பாட்டிகளுக்கும் இந்த எண்கள்தான் பதில்.

புளூம்பர்க்கும் ஆல்பர்ட்ஸும் 1990-இல் தம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட குரல்வளைத் தடுப்புக்கும் மனிதக் குழந்தையிடம் ஒரு வடிவம் உண்டு. நுரையீரல் முதிராமல் பிறந்த குழந்தை, மூச்சை வெளிவிடும்போது ஒவ்வொரு முறையும் மெல்ல முனகும். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது குரல்வளையை இறுக்கிப் பிடிக்கிறது. முனகல் அதன் ஓசை. அதைக் கேட்கும் உறவினர்கள் குழந்தை சிணுங்குகிறது என்பார்கள். செவிலியரோ உடனே மருத்துவரைக் கூப்பிடுவார். வில்லியம் சில்வர்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1956-இல் டோரதி ஆண்டர்சனோடு சேர்ந்து வகுத்த மூச்சுத்திணறல் மதிப்பீட்டில் இந்த முனகல் ஐந்து அறிகுறிகளில் ஒன்று; காதுக்கே கேட்டால் முழு மதிப்பெண். அதே சில்வர்மன் 1958-இல், குறைமாதக் குழந்தைகளை 28.9 டிகிரி இன்குபேட்டரிலும் 31.7 டிகிரி இன்குபேட்டரிலும் வைத்து ஒப்பிட்ட முடிவை வெளியிட்டார். மூன்று டிகிரிகூட இல்லாத அந்த வித்தியாசத்தில், வெப்பமான பெட்டிகளில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் அதிகம்.